கூடாரக் கொட்டகையில் குதிரைக் குளம்பொலி



சென்ற திங்கள் ஒரு ஞாயிறு பிற்பகலில், குன்னத்தில் நம் நெடுநாள் நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைக் கடந்துவிட்டார். உண்ட களைப்பில் அவர் சாய்ந்திருக்க, மகன் வாங்கித் தந்த கைப்பேசியில் ஒரு பழைய ஆங்கிலப் படம் ஓடிக்கொண்டிருந்தது. புழுதி கிளப்பிக்கொண்டு குதிரைகள் பாய்கின்றன. குதிரை வண்டியின் மேல் நிற்பவன் சுடுகின்றான். துரத்தி வருவோர் ஒவ்வொருவராய்ச் சரிகின்றனர். நம் நண்பரின் முகத்திலோ பன்னிரண்டு வயதுச் சிறுவனின் மலர்ச்சி.

அவருடைய பேத்தி ஐந்தாம் வகுப்பில் படிப்பவள். தோளின் மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: “தாத்தா, தலையில இறகு வெச்சிருக்கிறவங்க எல்லாம் ஏன் செத்துக்கிட்டே இருக்காங்க? அவங்க என்ன செஞ்சாங்க?”

“அவங்க செவ்விந்தியங்கம்மா. வண்டியை மறிக்க வர்றாங்க.”

“அது யாரோட ஊரு?”

நண்பர் நம்மைப் பார்த்தார். நாமும் அவரைப் பார்த்தோம். அறுபது ஆண்டுகளாக இத்தகைய படங்களைப் பார்த்து மகிழ்ந்த இரு கிழவர்களிடமும் உடனடி விடை இல்லை. அந்த வினாவே இம்மாதம் இப்பக்கத்தை எழுதத் தூண்டிற்று.

இளைய வாசகர்களுக்குச் சிறிது விளக்கம் வேண்டியிருக்கும். அந்நாட்களில் இந்த வட்டாரத்துச் சிற்றூர்களுக்குத் திரைப்படம் டூரிங் டாக்கீஸ் வழியாகத்தான் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் கூடாரம். உள்ளே மணல் தரை. மண்ணைக் குவித்து மேடாக்கி அமர்ந்துகொண்டால் அரசனுக்கு நிகர். பின்னால் அமர்ந்தவன் குவியலை இடித்துத் தள்ளினால் சண்டை. படமோட்டும் கருவி ஒன்றே ஒன்று. ஆகவே சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை, ஒவ்வோர் இடைவேளைக்கும் முறுக்கு. மாலையில் ஒலிபெருக்கியில் பாட்டு கேட்கத் தொடங்கினால், பருத்திக் காட்டிலிருந்து திரும்புவோரின் நடை தானாக விரைவுபடும். குடும்பக் கதைகளுக்குத் தாய்மார் கூடுவர், கண்ணீர் பெருகும். ஆனால் சுவரொட்டியில் தொப்பியும் துப்பாக்கியும் குதிரையும் இருந்துவிட்டால், அன்று தரை டிக்கெட் முழுவதும் சிறுவர் கூட்டமே.

அப்படங்களில் பெரும்பாலானவற்றில் நாம் கண்ட வீரன் ஜெய்சங்கர். அவரை அவ்வாறு குதிரையேற்றியவர் கர்ணன் என்ற ஒளிப்பதிவாளர், தாமே இயக்குநருமானவர். ‘காலம் வெல்லும்’ 1970-இல் வந்தது. 1972-இல் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என இரண்டு. 1975-இல் ‘எங்க பாட்டன் சொத்து’. கதை என்று பெரிதாக எதுவும் நினைவில் இல்லை. உண்மையைச் சொன்னால், அன்றும் அதைப் பொருட்படுத்தியவர் எவருமிலர். குதிரையின் காலடியில் படப்பெட்டியை வைத்தாற்போல் அவர் பிடித்த காட்சிகள்தாம் நினைவில் உள்ளன. குளம்பு நம் முகத்தின் மேலேயே விழுவதுபோல் தோன்றும். முன்வரிசைச் சிறுவர்கள் தலையைக் குனிந்துகொள்வர்.

ஆந்திரத்திலிருந்தும் ஒன்று வந்தது. நடிகர் கிருஷ்ணா 1971-இல் நடித்த ‘மோசகாள்ளகு மோசகாடு’. இராஜஸ்தானத்துப் பாலைவனத்திற்குப் படக்குழுவைக் கூட்டிச் சென்று எடுத்தார்கள். அது தமிழ்க் குரல் பெற்று இங்கும் ஓடிற்று. இவற்றுக்கெல்லாம் மூலம் அமெரிக்கா என்று நாம் நினைத்திருந்தோம். அதுவும் முழு உண்மையன்று. இத்தாலியரான செர்ஜியோ லியோனி 1964 முதல் 1966 வரை மூன்று படங்களை எடுத்தார்; அவற்றின் பாலைவனக் காட்சிகள் ஸ்பெயின் நாட்டில் படமாயின. அமெரிக்கக் கதையை இத்தாலியர் ஸ்பெயினில் எடுக்க, அதைக் கண்டு தெலுங்கர் இராஜஸ்தானத்தில் எடுக்க, அதைத் தமிழில் கேட்டுக் குன்னத்துச் சிறுவன் பனைமட்டையைக் குதிரையாக்கி ஓடினான்!

ஓடுவதற்கு ஏற்ற நிலமும் இங்கு இருந்தது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊர்ப் பக்கம் சென்றவர்கள் அறிவர். மழைநீர் அரித்து அரித்து ஓடைகளும் மொட்டை மேடுகளுமாய்க் கிடக்கும் களிமண் நிலம். புல் முளைக்காது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது என்பதற்குச் சான்றாகக் கடலுயிர்களின் கல்லுருவங்கள் இன்றும் கிடைக்கின்றன. சாத்தனூரில் ஒரு மரமே கல்லாகிக் கிடக்கின்றது. அரிசோனா மாநிலத்திலும் அவ்வாறு கல்லாகிய காடு ஒன்று உண்டு. படத்தில் வரும் முட்புதரைப் பார்த்து, “நம்ம வேலிக்காத்தான் மாதிரியே இருக்கு” என்று அன்று சொன்னவன் அறியாமலே சரியாகச் சொன்னான். நம் வயல்களைக் கெடுக்கும் சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான்; அப்படங்களில் காணும் மெஸ்கீட் மரம் அதன் உறவு. சப்பாத்திக்கள்ளியும் அங்கிருந்தே வந்தது.

ஆயினும் நிலத்தின் ஒற்றுமை மட்டுமா நம்மை இழுத்தது? அன்று என்ன நிலைமை என்று எண்ணிப் பாருங்கள். வரப்புத் தகராறு ஒன்றிற்குத் தீர்ப்புக் கிடைக்கத் தகப்பனார் நடக்கத் தொடங்கினால், மகனும் நடக்க வேண்டும். மனு கொடுத்தால், “நாளை வா” என்பார்கள். திரையிலோ ஒரு மனிதன் தனியே வருகின்றான். யாரிடமும் கையெழுத்துக் கேட்பதில்லை. ஊரைச் சுரண்டுபவனை நேருக்கு நேர் சந்திக்கின்றான். நண்பகலுக்குள் வழக்கு முடிகின்றது! முடிந்தபின் நன்றிக்கும் காத்திராமல் போய்விடுகின்றான். கை தட்டாமல் என்ன செய்வோம்? அந்தக் கைதட்டலுக்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை என்றே இன்றும் கருதுகின்றோம்.

வெட்கப்பட வேண்டியது மற்றொரு கைதட்டலுக்கு. சிறுமி கேட்டது அதைத்தான்.

‘இந்தியர்’ என்ற பெயரே 1492-இல் கொலம்பஸ் திசை தவறியதால் வந்த பெயர். அவர்கள் ஒரே கூட்டத்தாரும் அல்லர். நவஹோ, அப்பாச்சி, லகோட்டா, செயென் என வெவ்வேறு மொழியும் வழக்கமும் கொண்ட பல நூறு இனத்தார். 1864-இல் அமெரிக்கப் படை நவஹோ மக்களின் பயிரையும் பழமரங்களையும் அழித்து, அவர்களைப் பல நூறு மைல் நடத்திச் சென்று அடைத்தது. 1868-இல் ஓர் உடன்படிக்கைக்குப் பின்னரே ஊர் திரும்பினர். 1890 டிசம்பர் 29 அன்று, கிறிஸ்து பிறப்பு விழா முடிந்து நான்கே நாளில், வூண்டட் நீ என்னுமிடத்தில் 200-க்கும் மேற்பட்ட லகோட்டா மக்களைப் படைவீரர் சுட்டுக் கொன்றனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் பலர்.

இதில் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. புகழ்பெற்ற இயக்குநர் ஜான் ஃபோர்டு 1939-இல் ‘ஸ்டேஜ்கோச்’ படத்தின் சில காட்சிகளை நவஹோ நிலத்திலேயே எடுத்தார். அங்கே அப்பாச்சியராக நடித்தவர்கள் அந்த நவஹோ மக்களே. எந்த மண்ணிலிருந்து பாட்டனைத் துரத்தினார்களோ அதே மண்ணில் பேரன் கூலிக்கு அப்பாச்சியனாய் நடித்தான். ஃபோர்டு தம் முதுமையில், 1964-இல், செயென் மக்களின் துன்பத்தை அவர்கள் பக்கம் நின்று ஒரு படமாக்கினார். அதிலும் செயெனாக நடித்துத் தம் சொந்த மொழியைப் பேசியவர்கள் நவஹோக்களே.

மாட்டுக்காரர்களின் கதையும் அப்படித்தான். டெக்சாஸிலிருந்து இரயிலடிக்கு மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்ற காலம் ஏறத்தாழ 20 ஆண்டுகளே. முள்கம்பி வேலியும் இரயில் பாதையும் பெருகியவுடன் அது முடிந்தது. அவர்களுள் கறுப்பினத்தாரும் மெக்சிகோ நாட்டவரும் ஏராளம். கயிறு வீசும் கலையே மெக்சிகோவினரிடம் கற்றது. திரையில் அவர்களைத் தேடிப் பாருங்கள்!

நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “கொட்டகையில என் பக்கத்துல எப்பவும் ஒருத்தன் உட்காருவான். என்னோட படிச்சவன். அவன் தாத்தா காலத்துல ராத்திரியானா ஆம்பளைங்க எல்லாரும் போலீஸ் ஸ்டேஷன்ல போய்ப் படுக்கணுமாம். பொறந்த சாதிக்காக. அவன்தாங்க எங்க எல்லாரையும் விடச் சத்தமா விசிலடிப்பான், இறகு வெச்சவன் விழுறப்போ.”

குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஆங்கிலேயர் 1871-இல் கொண்டுவந்தனர். பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முழுச் சமூகங்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதிய சட்டம் அது. பின்னர் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. 1920-இல் உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் ரேகைப் பதிவை எதிர்த்தவர்கள் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். விடுதலைக்குப் பின்னரே அச்சட்டம் நீங்கிற்று. ஒரு கூட்டத்தார் முழுவதும் கொள்ளையர் என்று திரை சொன்னபோது நமக்கு ஐயமே எழவில்லை. ஏன் எழவில்லை என்பதற்கு நெடுந்தொலைவு சென்று காரணம் தேட வேண்டியதில்லை.

அந்த வகுப்புத் தோழர் இப்போது எங்கே என்று கேட்டோம். திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர், தொடர்பு விட்டுப்போயிற்றாம்.

இந்த இடத்தில் சிவகாசிக்கு நன்றி சொல்ல வேண்டும். பட்டாசுக்கன்று, படக்கதைக்கு. 1972-இல் முத்து காமிக்ஸும் 1984-இல் லயன் காமிக்ஸும் அங்கிருந்து புறப்பட்டன. லயன் வழியே நம் பிள்ளைகள் கையில் சேர்ந்த டெக்ஸ் வில்லர், இத்தாலியில் 1948-இல் போனெல்லி எழுத, காலெப்பினி வரைந்து பிறந்த வீரன். அவனும் துப்பாக்கிக்காரனே. ஆனால் நவஹோப் பெண்ணை மணந்தவன். அம்மக்களுக்கே தலைவனாகி ‘இரவுக் கழுகு’ என்று அழைக்கப்பட்டவன். பேராசைக்காரர் விற்ற, அம்மை நோய் தோய்ந்த கம்பளிகளால் அவன் மனைவி மாள்கின்றாள். பெற்றோரும் ஆசிரியரும் “கெட்டுப்போவாய்” என்று பிடுங்கி வைத்த அந்த மலிவுத் தாள் புத்தகம், கூடாரத்துத் திரை சொல்லாததைச் சொல்லியிருக்கின்றது. பிடுங்கி வைத்த ஆசிரியர்களுள் நம் நண்பரும் ஒருவர். பிடுங்கியவற்றைத் தாம் படித்தாரா என்ற கேள்விக்குச் சிரிப்பே விடை.

பழம்படங்கள் யாவும் ஒரே குரலில் பேசின என்றும் சொல்லுதல் தகாது. 1952-இல் வந்த ‘ஹை நூன்’ படத்தில், கொலைகாரர்களை எதிர்கொள்ள வேண்டிய ஊர்க்காவலன் துணை தேடி ஆலயத்திற்கே வருகின்றான். வழிபாடு நடந்துகொண்டிருக்கின்றது. எழுந்து விவாதிக்கின்றார்கள். நல்லவர்கள்தாம், அவனை மதிப்பவர்கள்தாம். போதகரும் தெளிவாய் ஒன்றும் சொல்ல இயலாமல் தவிக்கின்றார். கடைசியில் அவன் தனியே வெளியேறுகின்றான். ஒருவரும் உடன் எழவில்லை. ஆலய இருக்கைகளில் அமர்ந்து பழகிய நமக்கு, எந்தத் துப்பாக்கிச் சண்டையைக் காட்டிலும் அந்தக் காட்சியே நீண்ட நாள் தூக்கத்தைக் கெடுத்தது. அதை எழுதிய கார்ல் ஃபோர்மன்தான், நம் நாட்டு நகரங்களில் திரும்பத் திரும்ப ஓடிய ‘மெக்கன்னாஸ் கோல்டு’ படத்தையும் எழுதியவர். திருச்சியில் கல்லூரியில் படித்தபோது, விடுதிக் காப்பாளருக்குத் தெரியாமல் நம் நண்பர் அதை நான்கு முறை பார்த்தாராம்.

2010-இல் சிம்புதேவன் எடுத்த ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ இப்பழைய படங்களையெல்லாம் கேலி செய்துகொண்டே வணங்கிற்று. ஜெய்சங்கர் 2000-இல் மறைந்தார். கூடாரக் கொட்டகைகள் அதற்கு முன்னரே ஒவ்வொன்றாய்ப் பிரிந்துவிட்டன.

பொழுது சாய்ந்தது. நண்பர் பேத்தியை அருகே அழைத்து, “அந்த ஊரு அவங்களோடதுதாம்மா. வண்டியில வந்தவங்கதான் வெளியாளுங்க” என்றார்.

“அப்போ ஏன் தாத்தா இதைப் பார்க்கறீங்க?”

“குதிரைக்காகம்மா” என்றார் அவர். அது பாதி உண்மை என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

அவள் சற்று நேரம் எண்ணிப் பார்த்தாள். பிறகு வாசலில் காத்திருந்த தோழிகளை நோக்கி ஓடியவள், படியிலிருந்தே திரும்பிச் சொன்னாள்: “சரி, குதிரை மட்டும் வர்ற இடம் வந்தா என்னையும் கூப்பிடுங்க.”