பாடம் தபாலில் வருகிறது. படிக்க நேரம் எங்கே?

திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் சேருகிறவர்களில் ஏராளமானோர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். அவர்களிலும் பலர் முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. நேரில் சென்று படிக்கும் கல்லூரிகளைவிட இங்கு நிற்பவர்கள் அதிகம் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. உடனே மேதாவிகள் தீர்ப்புக் கூறுகிறார்கள்: “இவர்களுக்கு ஆர்வமில்லை, விடாமுயற்சி இல்லை.”

இது அபாண்டம் என்கிறோம்.

இந்தப் பல்கலைக்கழகங்கள் யாருக்காக வந்தன? பிரிட்டனில் 1969-ம் ஆண்டிலும், பார்லிமெண்ட் சட்டத்தின் மூலம் டில்லியில் 1985-லும், தமிழ்நாட்டில் 2002-லும் இவை பிறந்தபோது சொல்லப்பட்டது ஒன்றே: கல்லூரி வாசலை மிதிக்க முடியாத உழைப்பாளிக்கும் பட்டப்படிப்பு. நோக்கம் நல்லது, வரவேற்கிறோம். ஆனால் நடப்பது என்ன?

நூற்பாலைத் தொழிலாளிக்கு இந்த வாரம் பகல் ஷிப்ட், அடுத்த வாரம் இரவு ஷிப்ட். சனிக்கிழமை இரவு முழுவதும் எந்திரத்தின் முன் நின்றவர், ஞாயிறு காலை வகுப்பில் கண் விழித்திருப்பாரா? பெண் தொழிலாளிக்கோ ஆலைச் சங்கு ஊதியதும் அடுப்படி வேலை தொடங்குகிறது.

விவசாயத் தொழிலாளியைப் பாருங்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தேர்வு நடத்தும் மாதங்கள் ஜூன், டிசம்பர். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. காவிரிப் படுகையில் குறுவை வேலை துவங்கும் காலம் அது. கூலி கிடைக்கும் நாளில் தேர்வெழுதப் போனால் அன்றைய உலைக்கு அரிசி எங்கிருந்து வரும்? கூலியும் போய், பஸ் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் கைவிட்டுப் போகும்.

மொழியும் தடையாகிறது. அதே பல்கலைக்கழகத்தின் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே உள்ளன. தமிழில் படித்து வந்தவர் சந்தேகம் கேட்க அருகில் ஆசிரியரும் இல்லை, உடன் படிக்கத் துணையும் இல்லை. ஒரு தாள் தவறினால் புத்தகம் பரணுக்குப் போகிறது.

ஆகவே, படிப்பை இவர்கள் விடவில்லை. வேலை நேரமும் வறுமையும் இவர்களைப் படிப்பிலிருந்து தள்ளுகின்றன.

பரிகாரம் இல்லையா? உண்டு. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1974-ம் ஆண்டிலேயே 140-ம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வேலை நேரத்தில், ஊதியத்துடன் கல்வி விடுப்பு என்பதே அதன் சாரம். தொழிற்பயிற்சிக்கு மட்டுமல்ல, பொதுக் கல்விக்கும் தொழிற்சங்கக் கல்விக்கும் அது பொருந்தும். அரை நூற்றாண்டு கடந்தும் இந்திய சர்க்கார் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. ஏன் என்று கேட்கிறோம்.

நமது கோரிக்கைகள் இவை:

140-ம் உடன்படிக்கையை இந்திய சர்க்கார் ஏற்க வேண்டும். தேர்வு நாட்களில் சம்பளத்துடன் விடுப்பும், தேர்வு வாரத்தில் இரவு ஷிப்டிலிருந்து விலக்கும் வேண்டும். விவசாயத் தொழிலாளருக்கு இழந்த கூலி ஈடு செய்யப்பட வேண்டும். ஒன்றியந்தோறும் படிப்பு மையமும், எல்லாப் பாடங்களுக்கும் தமிழ் நூல்களும் வேண்டும்.

தொழிலாளத் தோழர்களே! அடுத்த கோரிக்கைப் பட்டியலில் கூலி, போனசுடன் கல்வி விடுப்பையும் சேருங்கள். மாலை நேரத்தில் சங்க அலுவலகத்தைப் படிக்கிறவர்களுக்குத் திறந்து விடுங்கள். உங்கள் ஆலையில், உங்கள் தெருவில் படிப்பை நிறுத்தியவர் யார் என்று விசாரியுங்கள். அவரைக் குறை கூறாதீர்கள். அடுத்த தேர்வுக்கு அவரை அனுப்பி வையுங்கள்.