ஓடுகிறதே என்று விட்டுவிட்டோம்

2023 பிப்ரவரி 3ஆம் தேதி, பிரான்ஸ் அரசின் கணினிப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. விஎம்வேர் நிறுவனத்தின் இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களைக் குறிவைத்து ஒரு ரான்சம்வேர் பரவுகிறது என்றார்கள். சில நாட்களில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான சர்வர்கள் பூட்டப்பட்டன. அது நுழைந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டை, ஓபன்எஸ்எல்பி என்ற சேவையில், 427ஆம் போர்ட்டில் இருந்தது. அதற்கான பேட்ச் 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. இரண்டு வருடம் சும்மா கிடந்தது. தாக்குப்பட்டவற்றில் பல 6.5, 6.7 போன்ற பழைய பதிப்புகள். அவற்றுக்கான பொது ஆதரவே 2022 அக்டோபரில் முடிந்திருந்தது.

இதில் திருடனைத் திட்டுவது எளிது. மெய்நிகர் சர்வர்களைக் கட்டி மேய்க்கிற நாம் நம்மையும் கொஞ்சம் திட்டிக்கொள்ள வேண்டும்.

'புரொடக்‌ஷன் ஓடுது, இப்ப ரீபூட் பண்ண முடியாது' என்பதுதான் நாம் எப்போதும் சொல்லும் காரணம். ஓடுகிற விஎம்மை நிறுத்தாமலே வேறு ஹோஸ்ட்டுக்கு மாற்றும் வசதி 2003லேயே வந்துவிட்டது. இரண்டு ஹோஸ்ட்டும் அதற்கான லைசென்ஸும் இருந்தால், ஒன்றைக் காலி செய்து பேட்ச் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஒற்றை ஹோஸ்ட்டில் முழுக் கம்பெனியையும் ஓட்டும் சின்ன அலுவலகத்துக்கு அது முடியாதுதான். ஆனால் அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை இரவு என்று ஒன்று வரத்தான் செய்கிறது.

பேட்ச் போடாவிட்டாலும் அந்த ஓபன்எஸ்எல்பி சேவையை நிறுத்தி வைத்திருக்கலாம். அதைவிடத் தலைகுனிய வேண்டிய விஷயம், ஹோஸ்ட்டின் நிர்வாக முகவரி இன்டர்நெட்டில் திறந்து கிடந்தது. மேனேஜ்மென்ட், ஸ்டோரேஜ், விஎம் போக்குவரத்து மூன்றையும் தனித்தனி விலானில் பிரிக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியாததல்ல. இன்ஸ்டால் செய்த அன்று கிடைத்த முதல் விர்ச்சுவல் ஸ்விட்ச்சிலேயே எல்லாவற்றையும் தொங்கவிட்டோம். ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் தட்டினாலும் ஹோஸ்ட்டின் லாகின் பக்கம் வரும்.

வசதிக்காக ஹோஸ்ட்டை டொமைனிலும் சேர்த்தோம். அப்படிச் சேர்த்த டொமைனில் யாராவது 'இஎஸ்எக்ஸ் அட்மின்ஸ்' என்ற பெயரில் ஒரு குரூப்பை உருவாக்கினால், அதில் இருப்பவருக்கு ஹோஸ்ட்டின் முழு அதிகாரமும் கிடைத்துவிடும் என்பதை 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் எழுதியபோதுதான் நம்மில் பலர் கவனித்தோம். ரான்சம்வேர் கும்பல்கள் அதற்கு முன்பே கவனித்திருந்தன.

ஸ்னாப்ஷாட் சங்கதி இன்னும் மோசம். அப்டேட்டுக்கு முன்னால் மறக்காமல் எடுப்போம், பிறகு அழிக்க மறப்போம். 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள் என்று விஎம்வேரே சொல்கிறது. எடுத்த நொடியிலிருந்து மாற்றங்களெல்லாம் தனி டெல்டா ஃபைலில் சேர்கின்றன; மூல டிஸ்க் போய்விட்டால் அந்த ஃபைல் எதற்கும் உதவாது. அதைத்தான் 'பேக்கப் இருக்கு சார்' என்று மேலாளரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். டேட்டாஸ்டோரில் இருப்பதைவிட அதிக இடத்தைத் தின் டிஸ்க்குகளாகப் பங்கு போட்டு வேறு வைத்திருப்போம். மறந்துபோன டெல்டா வளர்ந்து டேட்டாஸ்டோர் நிரம்பும் நாளில், எழுத இடமில்லாமல் விஎம்கள் நின்றுபோகும்.

உண்மையான பேக்கப் வைத்திருப்பவர்களும் நெஞ்சை நிமிர்த்த வேண்டியதில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் நம்பகமாக வேலை செய்யவில்லை என்று அவர்களே அறிவித்தார்கள். ஓர் ஊழியர் ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்திருந்த பிரதிதான் கைகொடுத்தது. அவர்கள் அதை ஊரறியச் சொன்னார்கள். நாமோ தினமும் காலையில் வரும் பச்சை டிக்கைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போகிறோம்.

இந்த வாரமே ஒரு விஎம்மை ரீஸ்டோர் செய்து பாருங்கள். சம்பளக் கணக்கு ஓடுகிறதே, அதையே எடுங்கள். மற்றவற்றோடு மோதாமல் தனி நெட்வொர்க்கில் ஏற்றி, லாகின் செய்து, கடைசியாகப் பதிவான தேதியைப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்பதை எழுதி மேலாளருக்கு அனுப்புங்கள்.