வேலியை வெட்டும் முன் இலையைத் திருப்பிப் பாருங்க

ஆடிப் பட்டத்துக்கு உழவு ஓட்டும்போதே வேலியையும் மொட்டையடிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இயற்கை விவசாயத்துக்கு வந்த பிறகும் பலபேர் இதை விடவில்லை. கேட்டால், நிழல் விழுது, பாம்பு அடையுது, பார்க்க லட்சணமா இல்லை என்கிறார்கள். (பாம்பு இருந்தால் எலி குறையும், அது வேற கதை.) ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் உயிர்வேலியில் அரிவாள் படக்கூடாது என்பது என் கருத்து. அதற்கு ஒரு குருவிதான் காரணம். அது 10 கிராம் எடைகூடத் தேறாது.

அதுதான் தையல்சிட்டு. புதர்க்காட்டிலும் காட்டு ஓரங்களிலும் வாழ்கிற பறவை. புதர் இருந்தால் போதும், நம்ம தோட்டத்துக்கும் வந்துவிடும். ஊர்க்குருவியைவிடச் சின்னது, வாலோடு சேர்த்து 13 சென்டிமீட்டர் இருக்கும். நெற்றியும் உச்சியும் துருப்பிடித்த இரும்பின் நிறம், முதுகு மங்கலான பச்சை, வயிறு வெளுப்பு. வாலை எப்பவும் தூக்கியே வைத்திருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு வாலின் நடு இறகு இரண்டும் ஊசி மாதிரி நீண்டுவிடும். உடம்புக்கும் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. கிளுவை வேலிக்குள் உட்கார்ந்து ‘ட்விட் ட்விட் ட்விட்’ என்று அது கத்த ஆரம்பித்தால் வரப்பு முழுக்கக் கேட்கும். கத்தும்போது கழுத்தின் பக்கவாட்டில் ஒரு கறுப்புத் திட்டு தெரியும், மற்ற நேரம் மறைந்திருக்கும்.

கூடு கட்டுகிற வேலையைத்தான் அவசியம் தெரிஞ்சுக்கணும். பெண்குருவி, தரையிலிருந்து அதிக உயரமில்லாத செடியில், உயிரோடு இருக்கும் அகலமான இலை ஒன்றைப் பிடிக்கும். அலகால் இலையின் இரண்டு ஓரத்திலும் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டை போடும். சிலந்தி நூல், பஞ்சு, செடியின் நார் எது கிடைக்குதோ அதை ஓட்டைக்குள் நுழைத்து இழுக்கும். முடிச்சுப் போடாது. நூலின் நுனி வெளியே பிரிந்து பஞ்சாக விரியும், அதனால் ஆணி அடித்தது மாதிரி நின்றுகொள்ளும். ஒரு இலை பத்தவில்லை என்றால் பக்கத்து இலையையும் சேர்த்துத் தைக்கும். இப்படிக் கிடைத்த பைக்குள் மெத்தென்று ஒரு கூடு. இதன் லத்தீன் பெயரில் தையல்காரர் இல்லை, செருப்புத் தைக்கிறவர்தான் இருக்கிறார். அதுவும் பொருத்தம்தான்.

ஓட்டைகள் அவ்வளவு நுணுக்கமானவை என்பதால் இலை காய்வதில்லை, பச்சையாகவே நிற்கும். இலையின் மேல்பக்கம் வெளியே இருக்குமாறு சுருட்டியிருப்பதால் நம் கண்ணுக்கு அது மற்ற இலைகளில் ஒரு இலை. கூட்டை எதிரியிடமிருந்து காக்கிற அந்த மறைவே, வேலி வெட்டுகிறவரின் அரிவாளுக்கு அதைப் பலி கொடுத்துவிடுகிறது. முட்டை மூன்று, சில நேரம் நான்கு. அடைகாக்க ஏறக்குறைய 12 நாள், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். கூடு கட்டுகிற நாளையும் சேர்த்தால் ஒரு மாதம் அந்த இலை அசையாமல் நிற்கணும். பங்குனியில் தொடங்கிக் கார்த்திகை வரைக்கும்கூடக் கூடு கட்டும் என்றாலும், மழையை ஒட்டி ஆனியிலிருந்து ஆவணி வரைதான் அதிகம். நாம் வேலி வெட்டுவதும் அப்போதுதான்.

‘புழுவைத் தின்னும், அதனால காப்பாத்துங்க’ என்று எழுதினால் எல்லாரும் தலையாட்டுவார்கள். புழுவைத் தின்பது உண்மைதான், குஞ்சுகளுக்குத் தாயும் தகப்பனும் மாறி மாறி ஊட்டுவதே பூச்சியும் புழுவும்தான். ஆனா அது நன்மை செய்யும் பூச்சி, தீமை செய்யும் பூச்சி என்று பிரித்துப் பார்க்காது. அதைச் சம்பளமில்லாத கூலியாளாகக் கணக்குப் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. நாம அதுக்கு மிச்சம் வைக்கிறோமா என்பதுதான் என் கேள்வி. வாரம் தவறாமல் இஞ்சி பூண்டு கரைசல், அடுத்த வாரம் அக்னி அஸ்திரம், அதற்கடுத்து வேப்பெண்ணெய் என்று காலண்டர் பார்த்து அடிப்பவர்கள் நம்ம வட்டத்திலேயே இருக்கிறார்கள். டப்பாவைத்தான் மாற்றியிருக்கிறோம், ரசாயனக் காலத்துப் பழக்கம் அப்படியே இருக்கு. ஒரு புழுகூட இல்லாத தோட்டத்தில் அந்தக் குஞ்சுகள் எதைத் தின்னும்? பூச்சி அளவு மீறினால் அடிங்க, பார்க்காமலே அடிக்காதீங்க.

வேலிக்குத் தை, மாசி போதும். அப்பவும் ஒரே வருசத்தில் நாலு பக்கமும் வெட்ட வேண்டாம், இரண்டு பக்கத்தை அடுத்த வருசத்துக்கு விடலாம். கிளுவை, கிளைரிசிடியா மட்டும் நட்டிருப்பவர்கள் இடையிடையே ஆமணக்கு, நுணா, பூவரசு என்று அகல இலைச் செடி நாலு வைக்கணும். ஒரு எருக்கஞ்செடியையும் பிடுங்காமல் விட்டால் பஞ்சுக்கு ஆச்சு. தவிர்க்க முடியாமல் மழைக்காலத்தில் கிளை கழிக்க வேண்டியிருந்தால், சுருண்டிருக்கும் பச்சை இலையைப் பார்த்ததும் கையை நிறுத்துங்க. ஓரத்தில் வெள்ளையாகப் பஞ்சு முடிச்சு தெரிகிறதா என்று பாருங்க. தெரிந்தால் அந்தக் கிளையை ஒரு மாதம் விட்டுவிட்டுப் பக்கத்துக் கிளைக்குப் போங்க. விரித்துப் பார்க்கவோ, போட்டோ எடுக்க ஆள் கூட்டிவரவோ வேண்டாம்.