மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள்



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றை நான்கு முறை படித்தேன். கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஊரையும் பெயரையும் வெளியிட வேண்டாமெனக் கேட்டுக் கொண்டுள்ளார். அவருடைய தாயாருக்கு ஐந்தாண்டுகளாக மறதி நோய். பெற்ற மகளைப் பார்த்தே, 'நீ யாரு வீட்டுப் புள்ளை?' என்று கேட்கிறாராம். நள்ளிரவில் தாழ்ப்பாளை நீக்கித் தெருவில் இறங்கிவிடுகிறாராம். சகோதரர்கள் இருவரும் அயல்நாட்டில். 'உம்மாவை ஓர் இல்லத்தில் சேர்த்தால் நான் பாவியாகி விடுவேனா? சேர்ப்பதானால் எப்படிப்பட்ட இல்லம் என்று எதை வைத்துத் தெரிந்து கொள்வது?' இவை இரண்டும் அவருடைய கேள்விகள்.

முதல் கேள்விக்கு விடை சொல்ல எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. முதியோர் இல்லங்களில் பெற்றோரைச் சேர்ப்போரைக் கடிந்து இதே பக்கத்தில் சில ஆண்டுகளுக்கு முன் எழுதியவன் நான். மதரஸாவில் பிள்ளைகளுக்கும் அவ்வாறே சொல்லிக் கொடுத்து வந்தேன். அதை எழுதி இரண்டாண்டு கழியுமுன், என்னைத் தூக்கி வளர்த்த பெரியம்மாவுக்காக நானே இல்லம் தேடி அலைய வேண்டியதாயிற்று.

ஒரு நாள் லுஹருக்குப் பின் பெரியம்மாவைக் காணச் சென்றேன். அறைக்கதவு வெளியே தாழிடப்பட்டிருந்தது. உள்ளே பெரியம்மா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய ஒரே மகள், என் லாத்தா, திண்ணையில் காதுகளைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதயத்தில் அறுவைச் சிகிச்சை செய்து கொண்டவர் அவர். நான் கடுமையாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். லாத்தா தம் முழங்கையை நீட்டிக் காட்டினார். பல் பதிந்த தழும்பு, நகக்கீறல். "தம்பி, இன்னிக்கு நான் உம்மாவை அடிச்சிட்டேன்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் 23ஆம் வசனத்தை நான் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். முதுமை அடைந்த பெற்றோரிடம் சலிப்பின் ஒரு சொல்லைக் கூட உதிர்க்கலாகாது என்று தடுக்கும் வசனம் அது. அவ்வசனத்தில் பெற்றோர் 'உம்மிடத்தில்' முதுமை அடைவதாகச் சொல்லப்படுவதை எடுத்துக்காட்டி, வீட்டை விட்டு அகற்றுவதே கூடாது என வாதிடுவோரும் உண்டு. நானும் அவர்களில் ஒருவனாகவே இருந்தேன். தாழிட்ட அறையும் ஓங்கிய கையும் உள்ள வீட்டில் அவ்வசனத்தின் எந்தப் பகுதி நிறைவேறுகிறது என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சகோதரியே, உங்கள் நிலையைக் கற்றறிந்த ஆலிம் ஒருவரிடம் நேரில் சொல்லிக் கேளுங்கள். ஆனால் நடப்பதை மறைக்காமல் முழுவதும் சொல்லிக் கேளுங்கள். ஊராரின் பேச்சை மட்டும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்நோய் உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்ததன்று. நம் நாட்டில் 60 வயது கடந்தோரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், டிமென்ஷியா எனப்படும் இந்நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் என்றும் அது கண்டது. இல்லம் தேடுமுன் ஒன்று செய்யுங்கள். தைராய்டுக் குறைவும் பி12 உயிர்ச்சத்துக் குறைவும் இதே போன்ற மறதியை உண்டாக்கக் கூடும். அவை மருந்துக்குக் கட்டுப்படுபவை. திடீரென இரண்டு நாளில் நிலை மோசமானால் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்காமல் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடும் வழக்கம் நம்மிடம் அதிகம். பகலில் மட்டும் ஒரு பணிப்பெண் வந்து உதவினால் போதும் என்ற நிலை சில வீடுகளில் இருக்கும். அதையும் முயன்று பாருங்கள். முதியோருக்கான 14567 என்ற அரசு உதவி எண்ணிலும் வழி கேட்கலாம்.

இனி இரண்டாம் கேள்வி. நாங்கள் மூன்று இல்லங்களைப் பார்த்தோம். பெயர்கள் இங்கே தேவையில்லை.

முதலாவது சென்னையில். பெரியம்மாவின் மூத்த மகன், தம்மாமில் இருப்பவர், அலைபேசியில் படங்களைப் பார்த்து அதையே விரும்பினார். பளிங்குத் தரை, குளிர்சாதனம், வாசலில் நீரூற்று. காலை பதினொரு மணிக்குச் சுற்றிக் காட்டினார்கள். இருபது முதியவர்கள் தொலைக்காட்சி முன் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். அதைப் பார்த்துக் கொண்டிருந்தவர் எவருமில்லை. "இரவில் எத்தனை பேர் பணியில் இருப்பார்கள்?" என்று கேட்டேன். மேலாளர் பகல் நேரக் கணக்கைச் சொன்னார். மீண்டும் கேட்டபோது "அது தேவைக்கேற்ப" என்றார். "யாராவது கத்தினால் என்ன செய்வீர்கள்?" என்றதற்கு, "டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி இருக்கிறது" என்றார். மன மயக்கத்துக்கான இத்தகைய மருந்துகள் மறதி நோயுள்ள முதியோருக்கு உயிர் ஆபத்தை அதிகரிக்கின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005ஆம் ஆண்டே எச்சரித்துள்ளது. வேறு வழியில்லாத நேரத்தில் மருத்துவர் அளவோடு தருவது ஒன்று; கத்தினால் ஊசி என்பது வேறு.

இரண்டாவது மதுரைக்கு வெளியே. அங்கே கம்பிக் கதவு பூட்டப்பட்டிருந்தது. நோயாளிகள் வெளியே சென்று விடாதிருக்கப் பூட்டத்தான் வேண்டும். அதைக் குறை கூறவில்லை. சாவி காவலாளியிடம் இருந்தது. காவலாளி தேநீர் குடிக்கச் சென்றிருந்தார். கால்மணி நேரம் வாசலில் நின்றோம். எங்கள் மாவட்டத்து ஏர்வாடி நினைவுக்கு வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை, அங்கே மனநல விடுதி ஒன்றின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அறவே தடுக்கிறது. கட்டுப்படுத்துவதையும் உடனடி ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியில்லாதபோது மட்டுமே அனுமதிக்கிறது. ஆகவே எந்த இல்லமானாலும், "நள்ளிரவில் தீப்பிடித்தால் இந்தக் கதவை யார் திறப்பார்?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நாற்காலியோடு சேலைத் துணியால் கட்டப்பட்டவர் எவரேனும் உண்டா என்று கண்ணால் பாருங்கள்.

மூன்றாவதும் மதுரைப் பக்கமே. பழைய வீடு, பெயர்ந்த சிமெண்டுத் தரை. ஒன்பது பெண்கள் மட்டும் இருந்தார்கள். அங்கே நாங்கள் முன்னறிவிப்பின்றி மாலை ஐந்தரைக்குச் சென்றோம். சகோதரியே, இதை மனத்தில் குறித்துக் கொள்ளுங்கள். இந்நோயுள்ளோர் பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் பதற்றம் கூடுகிறது. மஃரிபை ஒட்டிய அந்த வேளையில் இல்லம் எப்படி இருக்கிறதோ அதுவே அதன் உண்மையான முகம். காலை பதினொரு மணிக்கு எல்லா இல்லமும் அழகுதான்.

அன்று ஒரு மூதாட்டி, "எங்க வீட்டுக்குப் போவணும், புள்ளைங்க பசியா இருக்கும்" என்று அழத் தொடங்கினார். பணிப்பெண் 'இதுதான் உங்க வீடு' என்று வாதாடவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்தார். "உங்க வீட்டில கிணறு எந்தப் பக்கம்? பிள்ளைகளுக்கு என்ன ஆக்குவீங்க?" என்று கேட்டபடி இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். மூதாட்டி புளிக்குழம்பின் பக்குவத்தைச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்து அமர்ந்து விட்டார். அப்பணிப்பெண் எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார் என்று விசாரித்தேன். ஏழு ஆண்டு. படுக்கையில் கிடந்த இருவரின் முதுகைக் காட்டச் சொல்லி லாத்தா பார்த்தார், புண் இல்லை. இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பதாகச் சொன்னார்கள். சுவரில் நேரம் குறித்த தாள் தொங்கியது. கடைசியாக விழுந்தவர் யார், எப்படி விழுந்தார் என்று கேட்டபோது மறைக்காமல் சொன்னார்கள். 'இங்கே யாருமே விழுந்ததில்லை' என்று சொல்லும் இல்லத்தை நான் நம்பமாட்டேன்.

அது முஸ்லிம்கள் நடத்தும் இல்லமன்று. இதில்தான் எங்கள் குடும்பத்தில் பெரிய வாக்குவாதம் எழுந்தது. ஹலால் இறைச்சிக்கு வழியில்லை. மீனும் முட்டையும் காய்கறியும் தருவதென முடிவாயிற்று. குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் பெண்களே என்பதை எழுத்தில் வாங்கினோம். தலையில் முந்தானை நழுவினால் பெரியம்மா பதறிப் போவார்; அதைச் சொல்லி வைத்தோம். ஒரே வக்துத் தொழுகையை மூன்று முறை தொழுவார், ரக்அத்துகள் மாறிப் போகும். 'திருத்த வேண்டாம், அருகில் இருந்து விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்' என்றோம். புத்தி தெளிவு நீங்கியவர் மீது தொழுகை கடமையில்லை என்பது மார்க்கச் சட்டம். ஆயினும் பெயர்களை மறந்துவிட்ட அவர் உடம்பு ஸஜ்தாவை மறக்கவில்லை. அதைத் தடுக்காத இடமாக இருந்தால் எனக்குப் போதுமாக இருந்தது. (நம் ஜமாஅத்துகள் பல ஊர்களில் கோடிக்கணக்கில் திருமண மஹால்கள் எழுப்பியிருக்கின்றன. ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் அந்த மண்டபத்தின் ஓர் அறையில், மறதி நோயுள்ள முதியோரைப் பகலில் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தால் எத்தனையோ மகள்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். இதைச் சொன்னால் முத்தவல்லிகள் என்னைக் கோபிக்கிறார்கள்.)

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதியோர் இல்லம் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். நினைவும் தெளிவும் குலைவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் மனநோய்க்கான வரையறைக்குள் வைத்திருப்பதால், மாநில மனநல ஆணையத்தின் பதிவு உண்டா என்றும் கேளுங்கள். முன்பணம் திரும்பக் கிடைக்குமா, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் செலவு யாருடையது, மருந்தும் டயப்பரும் மாதக் கட்டணத்தில் அடக்கமா என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். இல்லத்தில் சேர்க்கும் அவசரத்தில் தாயாரின் பெருவிரல் ரேகையைச் சொத்துப் பத்திரம் எதிலும் வாங்கவோ, வாங்க விடவோ செய்யாதீர்கள். தெளிவில்லாதவரின் ஹிபா செல்லுமா என்ற வழக்கு வீட்டையே இரண்டாக்கும். நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

சேர்க்குமுன் லாத்தா ஒரு முழுத்தாள் நிறைய எழுதிக் கொடுத்தார். பெரியம்மா எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார், தேநீருக்கு எவ்வளவு சர்க்கரை, இடியோசைக்கு அஞ்சுவார், இறந்துபோன தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் 'வருவார்' என்று சொல்லுங்கள், 'மவுத்தாகி விட்டார்' என்று சொன்னால் ஒவ்வொரு முறையும் புதிதாக அழுவார், 'பாட்டி' என்று அழைக்க வேண்டாம், இப்படியெல்லாம். அத்தாளை வாங்கிப் படித்துவிட்டு அந்தப் பணிப்பெண் இரண்டு சந்தேகங்கள் கேட்டார். சென்னைக்காரர்கள் எங்களிடம் கேட்டது ஆதார் நகல் மட்டுமே.

தம்மாமிலிருந்து மகன் கோபித்துக் கொண்டார். "பளிங்குத் தரை இருக்க இதிலா உம்மாவை விடுவது?" என்றார். சென்னை எங்கள் ஊரிலிருந்து ஓர் இரவுப் பயணம். மதுரை மூன்று மணி நேரம். வாரம் தவறாமல் யாராவது போக முடிகிற தூரம் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். எவர் எப்போது வந்து நிற்பார் என்று தெரியாத நோயாளியை எந்த இல்லமும் சற்றுக் கூடுதலாகவே கவனிக்கும். நானும் லாத்தாவும் மாறி மாறிப் போனோம். ஒரு முறை வியாழன், மறுமுறை ஞாயிறு. கிழமையை நிலையாக வைக்கவில்லை.

முதல் இரண்டு வாரம் பெரியம்மா சரியாகச் சாப்பிடவில்லை, எடை குறைந்தது. ஊரில் இரண்டு திருமண வீடுகளில் லாத்தாவிடம் பெண்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டும் நடக்கும், எதிர்பார்த்திருங்கள். ஐந்தாம் வாரம் லாத்தா சென்றபோது பெரியம்மா அவரை மகளென அறியவில்லை. "யாரு பெத்த புள்ளையோ, வெயில்ல வந்திருக்கு" என்று சொல்லித் தம் முந்தானையால் லாத்தாவின் முகத்தைத் துடைத்து விட்டார். அன்று இருவரும் சேர்ந்து அஸர் வரை பூண்டு உரித்தார்களாம்.

சகோதரியே, உங்கள் காக்காமார் விடுமுறையில் வரும் நாளைக் கேட்டு எழுதுங்கள். அவர்களில் ஒருவரையேனும் உடன் அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அலைபேசிப் படத்தில் முடிவு செய்ய விட்டுவிடாதீர்கள். எந்த ஊர்ப் பக்கம் தேடுகிறீர்கள் என்று தெரிவித்தால், அந்தப் பகுதியில் நாங்கள் விசாரித்து வைத்திருக்கும் விவரங்களைத் தனிக் கடிதமாக அனுப்பி வைக்கிறேன்.