துருக்கிய மக்கள்: மாறிய எழுத்தும் அறுந்த நினைவும்

'துலுக்கர்' என்றொரு சொல் தமிழில் உண்டு. துருக்கர் என்பதன் திரிபு அது. திருவரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்குச் சன்னதி இருக்கிறது. ஓர் இனத்தாரின் பெயராக நம்மிடம் வந்த சொல், காலப்போக்கில் ஒரு மதத்தாரின் பெயராகி, பிறகு பொதுவெளியில் சொல்லக் கூசும் வசையாகவும் தேய்ந்துவிட்டது. அப்பெயருக்கு உரிய மக்கள் யார் என்ற கேள்வி மட்டும் நம்மிடையே எழவேயில்லை. மிஞ்சிப்போனால் இஸ்தான்புல்லையும் ஒட்டோமான் பேரரசையும் நினைத்துக்கொள்வோம்.

உண்மையில் துருக்கிய மக்களை மதத்தால் வரையறுக்க முடியாது. பெரும்பான்மையோர் இஸ்லாமியர் என்பது சரிதான். ஆனால் மால்டோவாவில் வாழும் ககவுஸ் மக்களும் வோல்கா ஆற்றங்கரைச் சுவாஷ் மக்களில் பெரும்பாலோரும் மரபுவழிக் கிறிஸ்தவர்கள். சைபீரியாவின் துவா மக்களிடையே திபெத்திய பௌத்தம் வேரூன்றியிருக்கிறது. கிரீமியாவிலும் லித்துவேனியாவிலும் யூத வேதத்தைப் பின்பற்றும் கராயிம்கள் இருந்திருக்கிறார்கள். முகச்சாயலாலும் இவர்களை ஒன்றுசேர்க்க இயலாது. இவர்களைப் பிணைப்பது மொழி ஒன்றே. 'ஒன்று' என்பதற்கு அங்காராவில் 'பிர்' என்கிறார்கள். அங்கிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி, லேனா ஆற்றங்கரையில் உறைபனியில் வாழும் சாகா மக்கள் 'பீர்' என்கிறார்கள்.

மொழியே அடையாளம் என்றால், அம்மொழி எழுதப்பட்ட எழுத்து அதன் நினைவு. துருக்கிய மக்களின் வரலாற்றில் என்னை மிகவும் அலைக்கழிப்பது, இந்த நினைவு மீண்டும் மீண்டும் அறுபட்ட விதம்தான்.

இன்றைய மங்கோலியாவின் ஓர்கான் பள்ளத்தாக்கில் கி.பி. 732இல் குல் தெகினுக்கும், 735இல் அவனுடைய அண்ணன் பில்கே ககானுக்கும் நினைவுக் கற்கள் எழுப்பப்பட்டன. துருக்கிய மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நீண்ட பதிவுகளில் அவை முதன்மையானவை. ஆனால் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த துருக்கியர் ஒருவரும் எஞ்சவில்லை. 1893இல் வில்ஹெல்ம் தாம்சன் என்ற டென்மார்க் அறிஞர்தான் அதன் பூட்டைத் திறந்தார்.

11ஆம் நூற்றாண்டில் காஷ்கரைச் சேர்ந்த மஹ்மூத், துருக்கிய மொழிகளுக்கு ஓர் அகராதி செய்தார். பழமொழிகளும் பாடல்களும் செறிந்த பெருநூல் அது. அதன் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி, 1266இல் படியெடுக்கப்பட்டது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்தான்புல்லின் பழைய புத்தகச் சந்தையில் அலி எமீரி என்ற நூற்பித்தரின் கையில் அகப்பட்டது. அவர் அன்று அதை வாங்காமல் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

இவை காலம் செய்த அழிவுகள். 20ஆம் நூற்றாண்டில் நடந்தது வேறு வகை. 1926இல் பாகு நகரில் துருக்கியவியல் மாநாடு கூடியது. அரபு எழுத்தைக் கைவிட்டு லத்தீன் எழுத்துக்கு மாறுவது என்ற நிலைப்பாடு அங்கே வென்றது. துருக்கிக் குடியரசு 1928இல் சட்டம் இயற்றி மாறியது. சோவியத் ஒன்றியத்தின் துருக்கிய மக்களும் லத்தீனுக்கு மாறினார்கள். அந்த எழுத்து கையில் படிவதற்குள், 1930களின் இறுதியில் சிரிலிக் எழுத்து வந்துவிட்டது. அரபு எழுத்தில் அரிச்சுவடி கற்ற ஒருவர், தம் தம்பிக்கு லத்தீனிலும் தம் மகனுக்கு சிரிலிக்கிலும் கடிதம் எழுத வேண்டிய நிலை.

எழுத்துச் சீர்திருத்தத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. துருக்கி மொழியில் எட்டு உயிரொலிகள் உண்டு. அவற்றை அரபு எழுத்தால் தெளிவாகக் காட்ட முடிவதில்லை. புதிய எழுத்தால் எளிய மக்கள் படிக்கக் கற்றார்கள் என்பதும் மெய். ஆனால் அதே குறையே ஒரு பாலமாகவும் இருந்தது. இஸ்மாயில் கஸ்பராலி 1883இல் கிரீமியாவின் பாக்சிசராயில் தொடங்கிய 'தெர்ஜுமான்' இதழைக் கிரீமியாவுக்கு வெளியிலிருந்த துருக்கிய மக்களும் படித்தார்கள். உயிரொலிகளை எழுத்து வெளிக்காட்டாததால் அவரவர் தம் நாவுக்கேற்ப வாசித்துக்கொண்டார்கள். சிரிலிக் வந்தபோது ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி நெடுங்கணக்கு வகுக்கப்பட்டது. ஒரே ஒலிக்கு இங்கே ஓர் எழுத்து, அங்கே வேறோர் எழுத்து. பக்கத்து வீட்டுக்காரனின் பேச்சு புரியும். அவன் புத்தகம் அந்நியமாகத் தெரியும்.

துருக்கியில் எழுத்தோடு சொற்களும் களையெடுக்கப்பட்டன. 1927இல் அதாதுர்க் ஆறு நாட்கள் தொடர்ந்து ஆற்றிய புகழ்பெற்ற உரையை, அடுத்த தலைமுறைகளுக்காக இன்றைய துருக்கி மொழியில் 'பெயர்க்க' வேண்டியிருந்தது. சீர்திருத்தம் தன்னைச் செய்தவரின் குரலையே பழங்காலத்ததாக்கிவிட்டது.

சோவியத் பகுதிகளில் எழுத்தோடு சேர்த்து எழுதியவர்களும் அழிக்கப்பட்டார்கள். கஜக் மொழிக்கு ஏற்ப அரபு எழுத்தைச் செம்மைப்படுத்தியவர் அஹ்மெத் பைதுர்சினோவ். பாகு மாநாட்டில் அந்த எழுத்துக்காக வாதிட்டவர். 1937இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டின் வேட்டையில் அகப்பட்ட இன்னொருவர் கிர்கிஸ் கம்யூனிஸ்ட் தலைவர் தோரெகுல் ஐத்மாத்தவ். அவருடைய மகன்தான் சிங்கிஸ் ஐத்மாத்தவ். 'ஜமீலா'வும் 'முதல் ஆசிரியர்' நூலும் மாஸ்கோ பதிப்புகளாகத் தமிழுக்கு வந்தபோது, நம் வாசகர்கள் அவற்றை 'ருஷ்ய இலக்கியம்' என்ற அலமாரியில் வைத்தார்கள். துருக்கிய மொழியொன்றைத் தாய்மொழியாகக் கொண்ட கலைஞன் அவர் என்பது நம் விவாதங்களில் வரவேயில்லை.

'ஒரு நூற்றாண்டைவிட நீண்ட நாள்' என்று பொருள்படும் தலைப்பில் 1980இல் அவர் எழுதிய நாவலில் மான்குர்ட் கதை வருகிறது. சிறைப்பிடிக்கப்பட்டவனின் தலையை மழித்து, ஒட்டகப் பச்சைத்தோலை இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிடுவார்கள். தோல் உலர்ந்து இறுக இறுக நினைவு அழியும். எஞ்சுபவன் கேள்வி கேட்காத அடிமை. தேடி வந்து அவன் பெயரைச் சொல்லி அழைக்கும் தாயையே அம்பெய்து கொல்கிறான். அதை எழுதியபோது தம் தந்தை எங்கே புதைக்கப்பட்டார் என்பது ஐத்மாத்தவுக்குத் தெரியாது. 1991இல் பிஷ்கெக் அருகே சோன்தாஷ் என்ற ஊரில் 137 பேரின் எலும்புகள் கொண்ட குழி திறக்கப்பட்டது. தோரெகுலின் பெயர் தாங்கிய குற்றப்பத்திரிகைத் தாள் மக்காமல் கிடந்தது. அவரை அடையாளம் காட்டியது அந்தத் தாள்தான். 2008இல் மறைந்த மகனும் அதே இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இப்போது சக்கரம் மறுபடி சுழல்கிறது. அஜர்பைஜான் 1991இலும் உஸ்பெகிஸ்தானும் துர்க்மேனிஸ்தானும் 1993இலும் லத்தீன் எழுத்தைத் தேர்ந்தன. கஜகஸ்தான் 2017இல் ஆணை பிறப்பித்தது. மாற்றம் இன்னும் முடிந்தபாடில்லை. தாதர்ஸ்தானும் 1999இல் மாற முயன்றது. ருஷ்யா 2002இல் சட்டம் போட்டுத் தடுத்தது. 2024 செப்டம்பரில் பாகுவில் கூடிய துருக்கிய நாடுகளின் குழு, 34 எழுத்துகள் கொண்ட பொது நெடுங்கணக்கு ஒன்றுக்கு இசைந்திருக்கிறது. அறுந்த உறவு ஒட்டும் என்று பலர் மகிழ்கிறார்கள்.

அந்த மகிழ்ச்சியில் முழுமையாகப் பங்குகொள்ள எனக்கு இயலவில்லை. திணிக்கப்பட்ட எழுத்தே ஆயினும், சிரிலிக்கில் இரண்டு மூன்று தலைமுறைகளின் வாழ்வு எழுதப்பட்டிருக்கிறது. கவிஞர் அபாயைப் பற்றிய முக்தார் அவுயெசோவின் பெருநாவலைக் கஜக் வாசகர்கள் படித்தது அதில்தான். நாளை லத்தீன் மட்டுமே கற்கும் பிள்ளைக்கு அந்நூலின் பழைய பிரதி ஓர்கான் கல்லைப் போல ஆகிவிடக் கூடாது. எந்த எழுத்து சிறந்தது என்பது இரண்டாவது கேள்வி. எழுதப்பட்ட அத்தனையையும் படிக்கத் தெரிந்தவர்களை வளர்க்கிறோமா என்பதே முதற்கேள்வி. புதிய நெடுங்கணக்கைக் கற்பிக்கும் பள்ளி, பழைய இரண்டையும் வாசிக்கவாவது கற்றுத்தர வேண்டும். அதற்கு ஆகும் செலவு, ஒரு தலைமுறையின் மறதிக்கு முன் ஒன்றுமேயில்லை.

எழுத்து மாறாமலிருந்தால் மட்டும் நினைவு பிழைத்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. உய்குர் மக்கள் அரபு எழுத்தையே பயன்படுத்துகிறார்கள். அவர்களுடைய தர்காக்களையும் வாய்மொழி மரபுகளையும் ஊர் ஊராகச் சென்று பதிவு செய்த நாட்டாரியல் அறிஞர் ரஹிலே தாவூத் 2017 டிசம்பரில் காணாமற்போனார். அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட செய்தி 2023இல்தான் வெளியே தெரியவந்தது. ஒரு மக்களின் நினைவை அஞ்சுகிறவர்கள், அதைத் தொகுக்கிறவர்களைத்தான் முதலில் தேடி வருகிறார்கள். பைதுர்சினோவுக்கு நடந்தது பழங்கதையாகிவிடவில்லை.