கறவை மாட்டை விற்காதீர்கள். முதலில் பழைய லேப்டாப்பைத் திறந்து பாருங்கள்

"ஐயா, வணக்கம். எனக்கு அத்திப்பட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலம், இரண்டு கறவை மாடு. மகள் ஐ.ஐ.டி. சென்னையின் ஆன்லைன் பி.எஸ். படிப்பில் தகுதித் தேர்வு எழுதிச் சேர்ந்திருக்கிறாள். வீட்டில் பெரியவனுக்கு பிளஸ் டூ-வில் அரசு கொடுத்த லேப்டாப் இருக்கிறது. ஆன் ஆகவே பத்து நிமிஷம் எடுக்கிறது. கடையில் கேட்டால் 58,000 ரூபாய்க்குப் புதுசு வாங்கச் சொல்கிறார்கள். ஒரு மாட்டை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். இது விவசாயக் கேள்வி இல்லை, தப்பாக நினைக்காதீர்கள்."

- அத்திப்பட்டுப் பகுதி வாசகர்

மாட்டை விற்கலாமா என்று கேட்டபிறகு இது விவசாயக் கேள்வி இல்லாமல் என்ன? தயங்காமல் கேட்டதற்கு நன்றி. இந்த வருஷம் இதே மாதிரி இன்னும் நாலைந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லோருக்குமாகச் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் மாட்டுக் கணக்கு. நாளைக்கு 8 லிட்டர் கறக்கும் மாடு, லிட்டருக்கு 38 ரூபாய் என்று வைத்தால் நாளைக்கு 304 ரூபாய், மாதம் 9,000-க்குச் சற்று மேல். தீவனம், வைத்தியம் போகப் பாதி நின்றாலும் 4,500 ரூபாய். மகளின் படிப்புக்கு ஒரு தடவை செலவோடு முடிந்துவிடாது. மாதாமாதம் இணையக் கட்டணம், பருவத்துக்குப் பருவம் படிப்புக் கட்டணம் என்று வந்துகொண்டே இருக்கும். அதைக் கட்டப்போவது அந்த மாடுதான். அதனால் அதைக் கடைசிவரை தொடாதீர்கள்.

மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடாதீர்கள்

ஐ.ஐ.டி. சென்னை இந்தப் படிப்பை 2020 ஜூனில் தொடங்கியது. பாடம் பதிவு செய்த வீடியோவாக வருகிறது. விருப்பமான நேரத்தில் பார்க்கலாம். சந்தேகம் கேட்க நேரலை வகுப்பும் உண்டு. வாராவாரம் பயிற்சிகளைச் சமர்ப்பிக்க வேண்டும். முக்கியத் தேர்வுகளை மட்டும் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும்.

வீடியோ பார்க்கப் போன் போதும். புரோகிராம் எழுதப் போன் போதாது; சரியான கீபோர்டும் பெரிய திரையும் வேண்டும். ஆனால் தொடக்க ஆண்டுகளில் எழுதும் பைத்தான் புரோகிராம்களுக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. கூகுள் கோலாப் போன்ற வசதியில் கணக்குப் போடும் வேலை கூகுளின் கணினியில் நடக்கும். நம் லேப்டாப் வெறும் ஜன்னல்தான். கடைக்காரர் சொன்ன 58,000 ரூபாய் மாடல் விளையாட்டுக்கும் வீடியோ எடிட்டிங்கிற்கும் ஆனதா என்று கேட்டுப் பாருங்கள்.

பழைய லேப்டாப்புக்கு வைத்தியம்

விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பரில் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அப்போதிருந்து வாங்கியவற்றில் பல இன்று பீரோ மேல் தூங்குகின்றன. உங்களுடையது மெதுவாக ஓடுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம் இருக்கும்.

1. உள்ளே சுழலும் தட்டு வகை ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்.எஸ்.டி. போடுங்கள். பத்து நிமிஷம் எடுத்தது ஒரு நிமிஷத்துக்குள் ஆன் ஆகும். எல்லா மாற்றங்களிலும் பலன் அதிகம் தருவது இதுதான். பழைய தட்டில் உள்ள குடும்பப் படங்களை முதலில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. ரேம் 4 ஜிபி. திறந்து பார்த்தால் காலி இடம் இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் 8 ஜிபி ஆக்குங்கள்.

3. தூசி. உங்கள் ஊரில் அனல்மின் நிலையத்தின் சாம்பலும் நிலக்கரித் தூசியும் உண்டு, கடல் காற்றின் உப்பும் உண்டு. காற்றாடி அடைத்துக்கொண்டால் சூடு ஏறி, இயந்திரம் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திறந்து சுத்தம் செய்து, பசையையும் மாற்றச் சொல்லுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதை உடனே கழற்றிவிட வேண்டும். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

அடுத்து மென்பொருள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்கள் லேப்டாப் வயதுக்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதனால் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச மென்பொருளைப் போடச் சொல்லுங்கள். பிரவுசர், கூகுள் மீட், ஜூம் எல்லாம் அதில் ஓடும். ஆன்லைன் படிப்பு சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: வீட்டிலிருந்தே கேமரா முன் தேர்வு எழுதும் முறை இருந்தால், அதற்கான மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுமா என்று கல்லூரியிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

உதிரி பாக விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. மீஞ்சூரில் ஒரு கடை, சென்ட்ரல் வரை ரயிலில் போய் ரிச்சி தெருவில் ஒரு கடை என்று இரண்டு இடத்தில் எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். வைத்தியச் செலவு, பயன்படுத்திய நல்ல லேப்டாப் விலையில் பாதியைத் தாண்டினால் வைத்தியம் வேண்டாம். அப்போது 8 ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி., இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசர் உள்ள பழையதை, பில்லும் மூன்று மாத வாரன்டியும் கேட்டு வாங்குங்கள். வாங்கும் முன் கீபோர்டின் ஒவ்வொரு எழுத்தையும் அடித்துப் பாருங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் ஓடவிட்டும் பாருங்கள். மாடு வாங்கும்போது பல் பார்ப்பதில்லையா, அது மாதிரிதான்.

வேகம் வேறு, அளவு வேறு

இணையத்தில் இரண்டு கணக்கு. குழாயின் பருமன் வேகம். தொட்டியின் கொள்ளளவு டேட்டா. வேகத்தை எம்பிபிஎஸ் என்று சொல்கிறார்கள். டாக்டர் படிப்பு இல்லை, நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற அளவு. 1 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் வீடியோ ஓடினால் 450 எம்பி செலவாகும். 360 தரத்தில் வீடியோ பார்க்க அதில் ஏறக்குறையப் பாதி போதும். கரும்பலகை எழுத்து அதிலேயே தெரிந்தால் தரத்தைக் கூட்ட வேண்டாம்.

கொரோனா காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, தமிழக அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளைக்கு 2 ஜிபி இலவச டேட்டா கொடுத்தது. அந்தக் கணக்கு இன்றும் சரி. நாளைக்கு நாலு மணி நேரப் படிப்புக்கு 2 ஜிபி தாங்கும். ஆனால் அதே போனில் வீட்டில் எல்லோரும் சீரியலும் ரீல்ஸும் பார்த்தால் சாயங்காலமே தொட்டி காலி.

புது இணைப்பு எடுக்கும் முன் ஒரு வாரம் சோதனை செய்யுங்கள். காலை 7, மாலை 4, இரவு 9 என மூன்று நேரமும், மகள் உட்காரப்போகும் அதே இடத்தில் வேகத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். இரவிலும் 3, 4 எம்பிபிஎஸ் நிலையாக வந்தால் மொபைல் இணைப்பே போதும். வராவிட்டால் ஃபைபர் இணைப்பு. எந்த நிறுவனம் என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் தெருவில் இரண்டு வீட்டில் கேளுங்கள்: அறுந்தால் எத்தனை நாளில் ஆள் வருகிறார்?

கடைமடைக்குத் தண்ணீர் வருகிறதா?

2020-இல் என் மகனுக்கு வீட்டிலிருந்தே தேர்வு. வாசல் அறையில் ரூட்டர், அவன் பின்னறையில். விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பும் நேரத்தில் சிக்னல் போனது. நெட் கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டினேன். பிறகு பார்த்தால், ரூட்டருக்கும் அவனுக்கும் நடுவில் நானே நகர்த்தி வைத்த இரும்பு பீரோ! கடைமடைக்குத் தண்ணீர் வராததற்கு மடையில் நானே மண் போட்டிருக்கிறேன். கடைசி இரண்டு நிமிஷத்தில் வாசலுக்கு ஓடி வந்து அனுப்பினான்.

இரும்பும் தகரக் கூரையும் சிக்னலை மறிக்கும். தடித்த சுவர் குறைக்கும். ரூட்டரை வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் வையுங்கள். ரூட்டரில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசை இருந்தால், சுவர் தாண்ட வேண்டிய அறைக்கு 2.4 நல்லது. எல்லாவற்றையும் விட உறுதியானது ஒரு லேன் கேபிள். ரூட்டரிலிருந்து லேப்டாப் வரை 15 மீட்டர் கேபிள் இழுத்துவிட்டால் சுவரும் பீரோவும் ஒன்றும் செய்யாது.

கரண்டும் காவலும்

மின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் பராமரிப்பு நாளில் நமக்கும் கரண்ட் இல்லைதான். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, ரூட்டருக்கு இல்லை. ரூட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது. ரூட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைக் குறித்துக்கொண்டு போய் வாங்குங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக மாற்றிப் போடாதீர்கள். லேப்டாப் உடம்பில் லேசாகக் கரண்ட் அடித்தால் எர்த் சரியில்லை என்று அர்த்தம். இடி மின்னலின்போது எல்லா அடாப்டரையும் பிடுங்கிவிடுங்கள்.

இன்னொன்று. வங்கிக் கணக்கும் பி.எம். கிசானும் இணைந்த போன் எண்ணும், மகள் படிக்கும் போனும் ஒன்றாக இருந்தால் கவனம் தேவை. 'பி.எம். கிசான் ஆப்' என்று வாட்ஸ்அப்பில் வரும் எதையும் இறக்காதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

பணம் போதாவிட்டால்

வங்கிக் கல்விக் கடனில், படிப்புக்குத் தேவைப்பட்டால் கணினி வாங்கும் செலவையும் சேர்க்க இடமுண்டு. ஆன்லைன் படிப்புக்குத் தருவார்களா என்பதைச் சேர்க்கைக் கடிதத்தோடு போய் வங்கியிலேயே கேளுங்கள். ஐ.ஐ.டி. இந்தப் படிப்பில் வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை தருகிறது. வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். பல குடும்பங்கள் கடைசி நாளில் சான்றிதழ் இல்லாமல் முழுக் கட்டணம் கட்டிவிடுகின்றன.

கடைசியாக ஒரு சொல். இது உங்களுக்கு மட்டுமல்ல, கடிதம் எழுதிய எல்லா வீட்டுக்கும்தான். பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையை நாம் நடுவில் கூப்பிடுவதில்லை. வீட்டில் உட்கார்ந்து படிக்கும் பெண்ணை மட்டும், "சும்மாதானே இருக்கிற, மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்று கூப்பிடுகிறோம். லேப்டாப் பழுதால் படிப்பு நின்ற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதைவிட அதிகமாக, இந்தக் கூப்பாட்டால் நின்ற வீடுகளையும் பார்த்திருக்கிறேன். நாளைக்கு மூன்று மணி நேரம், ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, யாரும் கூப்பிடாத ஒரு மூலை. இது காசு கொடுத்து வாங்கும் பொருள் இல்லை. அந்த மூன்று மணி நேரம் மாட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு எத்தனை நிமிஷத்தில் ஆன் ஆகிறது என்று ஒரு கார்டு போடுங்கள். அடுத்த இதழில், உப்பேறிய கிணற்றுத் தண்ணீரில் தீவனப் புல் வளர்ப்பது பற்றி மீஞ்சூர் வாசகர் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.