ஏழைக் கார் என்றால் இளப்பமா?

ஒரு சாண் நீளம்கூட இல்லாத கார் அது. ஓடாது. ஹாரன் அடிக்காது. ஆனால், அதைச் செய்து முடிக்கப் பல நாட்கள் ஆகும்!

பெட்டியைத் திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கவேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டும். வர்ணம் அடிக்கவேண்டும். பிறகு பசை தடவி ஒட்டவேண்டும். கடைசியில், ஒரு மோட்டார் கார் மேஜைமேல் வந்து நிற்கும். அசல் காரில் 24-ல் ஒரு பங்கு அளவு. கதவுப் பிடி, விளக்கு, ஸ்டீரிங் எல்லாமே அதே கணக்கில் சுருங்கி இருக்கும்.

இந்த மாதிரிக் கார்களைச் செய்கிறவர்கள் எந்தக் காரைத் தேடிப் போகிறார்கள்? பலர் பந்தயக் காரைத்தான் தேடுகிறார்கள். சிவப்பு வர்ணம், முகம் பார்க்கிற மினுமினுப்பு. அதில் தப்பு இல்லை. வாங்க முடியாத காரை மேஜையிலாவது நிறுத்திப் பார்க்கலாமே என்கிற ஆசைதான்.

ஆனால், சாதாரண ஜனங்கள் ஓட்டிய காருக்கும் கிட் உண்டு. "டிராபன்ட் 601" என்று ஒரு கார். கிழக்கு ஜெர்மனியில் செய்தது. ஜெர்மனியின் ரெவெல் கம்பெனி இதற்கு 24-ல் ஒரு பங்கு கிட் போட்டிருக்கிறது. செய்து முடித்தால் நீளம் சுமார் 15 சென்டி மீட்டர். அலமாரியில் அதைப் பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். செய்கிறவர்களிலும் சிலர் சிரித்துக்கொண்டேதான் செய்கிறார்கள்.

அந்தச் சிரிப்பு சரி அல்ல.

தகட்டுக்குப் பஞ்சம், கை கொடுத்தது பஞ்சு!

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தது. கிழக்கு ஜெர்மனியில் சுவிக்காவ் என்று ஒரு ஊர். யுத்தத்துக்கு முன்பு ஹார்க், ஆடி என்ற பெயர் பெற்ற கார்கள் பிறந்த ஊர் அது. அதே ஊரில்தான், 1957-ம் ஆண்டு நவம்பர் மாதம், டிராபன்ட் கார் செய்யத் தொடங்கினார்கள். டிராபன்ட் என்றால் கூடவே வருகிற துணை என்று பொருள். வானத்தில் சுற்றும் துணைக் கோளுக்கும் அதே சொல்தான். முந்தின மாதம்தான் ரஷியா "ஸ்புட்னிக்"கை விண்ணில் விட்டிருந்தது.

கார் செய்ய உருக்குத் தகடு வேண்டும். அதற்குக் கடும் பஞ்சம். மேற்கு நாடுகளில் இருந்து வாங்கவும் வழி இல்லை. என்ன செய்வது?

பஞ்சாலைக் கழிவுப் பஞ்சை எடுத்தார்கள். மெத்தைபோலப் பரப்பினார்கள். அதில் பிசின் தூளைத் தூவி, சூட்டில் வைத்து, பெரிய எந்திரத்தில் அழுத்தினார்கள். கெட்டியான பலகை வந்தது. பெயர், டூரோபிளாஸ்ட். கதவு, கூரை, முன் மூடி எல்லாம் அதில்தான். உள்ளே எலும்புக்கூடு மட்டும் உருக்கு. அதன்மேல் இந்தப் பலகைகளைப் பொருத்திவிட்டார்கள்.

கேலி செய்கிறவர்கள் இதை "அட்டைக் கார்" என்றார்கள். அட்டை அல்ல அது. இல்லாத பொருளுக்குப் பதில் பொருள் கண்டுபிடித்தவர்களின் மூளை அது!

எஞ்சினும் அப்படித்தான். இரண்டே சிலிண்டர். 595 சி.சி. குதிரை சக்தி 26. காற்றே குளிரவைக்கும், தண்ணீர் ஊற்றும் ரேடியேட்டர் கிடையாது. பழைய ஸ்கூட்டரைப்போல டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றவேண்டும். பெட்ரோல் டாங்க் எஞ்சினுக்கு மேலே முன் மூடிக்குள்ளேயே இருந்தது. பெட்ரோல் தானாகக் கீழே இறங்கும். பம்பு தேவை இல்லை. எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று காட்டும் முள்கூடப் பல வருஷங்கள் கிடையாது. குச்சியை விட்டு அளந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாதிரிக் கார் செய்யும் வீட்டில் பையன் கேட்பான்: "இதிலே ரேடியேட்டர் எங்கேப்பா?" அப்பா பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். பந்தயக் காரில் இந்தக் கேள்வி பிறக்காது. இருப்பதைப் பார்த்து வியக்கலாம், அவ்வளவுதான். இந்தக் காரிலோ இல்லாததைப் பார்த்து யோசிக்கவேண்டும்.

பத்து வருஷம் காத்திருந்த குடும்பங்கள்

இன்று பணம் கொடுத்து இன்றே கார் வாங்குகிறவர்களுக்கு அடுத்த விஷயம் நம்ப முடியாததாக இருக்கும். டிராபன்ட் வேண்டும் என்றால் பெயரைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். எத்தனை மாதம்? மாதம் அல்ல, வருஷம்! 1980-களில் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் ஏராளம். வீட்டில் பிள்ளைக்கு 18 வயது ஆனதும் முதல் வேலையாகப் பெயரைப் பதிந்து வைத்தார்கள். அவன் கல்யாணம் ஆகி, குழந்தை பெற்று, அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகும் சமயத்தில் கார் வந்து சேரும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய கார் புதுக் காரைவிட அதிக விலைக்குப் போனது! பழையதை உடனே ஓட்டிக்கொண்டு போகலாம் அல்லவா?

வந்த காரை அவர்கள் கண்போலக் காத்தார்கள். உதிரிப் பாகம் சுலபத்தில் கிடைக்காது. அதனால் கண்ட இடத்தில் வாங்கி, வீட்டில் சேர்த்துவைத்தார்கள். ரிப்பேர் வேலையைத் தாங்களே பழகிக்கொண்டார்கள். அப்பா காருக்கு அடியில் படுத்திருப்பார். பிள்ளைகள் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பார்கள். கோடை விடுமுறையில் நான்கு பேரும் அதில் ஏறி, மூட்டை முடிச்சுகளைக் கூரைமேல் கட்டி, கடற்கரைக்கோ ஏரிக்கரைக்கோ புறப்பட்டுவிடுவார்கள். கூரைமேல் விரிக்கிற கூடாரம்கூட இந்தக் காருக்கு இருந்தது!

சுருங்கச் சொன்னால், கிட் பெட்டி வருவதற்கு வெகு காலம் முன்பே, டிராபன்ட் வைத்திருந்த ஒவ்வொருவரும் காரைப் பிரித்துக் கோத்தவர்தான்.

சர்க்கார் செய்த தப்பு

காரில் குறை இல்லையா? நிறைய உண்டு. நீலப் புகை கக்கும், நாற்றம் அடிக்கும், சத்தம் காதைத் துளைக்கும். முன் பக்கம் பெட்ரோல் டாங்க் இருப்பது ஆபத்து. 1964-ல் வந்த 601 மாடல், பெரிய மாற்றம் இல்லாமல் 1990 வரை வந்துகொண்டே இருந்தது.

அதற்கு சுவிக்காவ் தொழிலாளி காரணம் அல்ல. அங்கிருந்த என்ஜினீயர்கள் புதிய மாடலுக்குப் படம் போட்டார்கள். மாதிரி வண்டிகளையும் செய்து ஓட்டிப் பார்த்தார்கள். 1968-ல் மேலிடம் "வேண்டாம்" என்று நிறுத்திவிட்டது. பெர்லினில் சுவர் எழுப்பி ஜனங்களை அடைத்து வைத்த அதே மேலிடம்தான். பழைய மாடலையே 25 வருஷத்துக்கு மேல் ஓட்டவைத்தது அது. பழி மட்டும் ஓட்டியவர்கள் தலையில் விழுந்தது.

1989-ம் ஆண்டு அந்த ஜனங்கள் கிளம்பினார்கள். ஹங்கேரி எல்லையைத் திறந்தது. செக் நாட்டுத் தலைநகர் பிராகில் மேற்கு ஜெர்மனித் தூதரகத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் புகுந்தார்கள். அவர்கள் வந்த டிராபன்ட் கார்கள் அங்கே தெருத் தெருவாக நின்றன. பத்து வருஷம் காத்திருந்து வாங்கிய காரை அப்படியே விட்டுவிட்டுப் போக மனசு என்ன பாடு பட்டிருக்கும்!

நவம்பர் 9-ந் தேதி இரவு பெர்லின் சுவர் திறந்தது. சுவரைத் தாண்டி டிராபன்ட் கார்கள் வரிசையாக மேற்கே வந்தன. அன்று அவற்றைத் தட்டிக் கொடுத்து வரவேற்றார்கள். சில மாதங்கள்தான். பிறகு மேற்கு நாட்டுப் பழைய கார்கள் வந்து குவிந்தன. டிராபன்ட்டைச் சீண்டுவார் இல்லை. தெரு ஓரத்தில் அனாதையாக நின்றது. ஜோக்குக்கு ஆளானது. 1991-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி கடைசிக் கார் வெளியே வந்தது. மொத்தம் செய்தது 30 லட்சத்துக்கும் மேல்!

இப்போது அதற்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். ஜெர்மன் ரோடுகளில் இன்னும் ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. பெர்லினில் மிச்சம் இருக்கும் சுவரில், சுவரை உடைத்துக்கொண்டு டிராபன்ட் வருவதுபோல ஒரு பெரிய ஓவியம் இருக்கிறது. பிர்கிட் கிண்டர் என்ற பெண்மணி 1990-ல் தீட்டியது. காரின் நம்பர், சுவர் திறந்த தேதி!

துரு எங்கே பிடிக்கும்?

இனி, மேஜைக்கு வருவோம்.

மாதிரிக் கார் செய்கிறவர்களில் சிலருக்கு ஒரு பழக்கம். ஏழைக் கார் என்றால் உடனே பழுப்பு வர்ணத்தைக் குழைத்துவிடுவார்கள். கதவில் துரு, கூரையில் துரு, ஓட்டை வேறு! டிராபன்ட்டுக்கு இது பெரிய அநியாயம். பஞ்சும் பிசினும் சேர்ந்த பலகையில் துரு எப்படிப் பிடிக்கும்? அது வெளிறும், விளிம்பில் விரிசல் விடும், துருப்பிடிக்காது. துரு எல்லாம் அடியில் இருக்கும் உருக்குச் சட்டத்தில்தான். காரைக் கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும். துருவைக் காட்ட ஆசைப்படுகிறவர்கள் அங்கே காட்டட்டும்.

வேறு சிலர் நேர்மாறு. மெழுகு போட்டுத் தேய்த்துத் தேய்த்து, பந்தயக் கார்போல மின்னவைக்கிறார்கள். அதுவும் பொய்தான். வெளிர் நீலம், வெளிர் பச்சை, பாலாடை நிறம் என்று அடக்கமான வர்ணங்களில் வந்த கார் அது. வெயிலிலும் பனியிலும் பல வருஷம் நின்றது. ஆனால், வாரம் தவறாமல் துடைத்துவைத்த கார். அந்த நிலைமையைக் காட்டுவதில்தான் கைத்திறமை இருக்கிறது. வெளிறியிருக்கவேண்டும், அழுக்காக இருக்கக்கூடாது.

வேலை சுலபம் என்று யாரும் இறங்கிவிட வேண்டாம். பந்தயக் காரில் விளம்பரப் படங்கள் ஒட்டிச் சின்னக் கோணலை மறைத்துவிடலாம். இந்தக் காரின் பக்கவாட்டு வெறும் சுவர்போல இருக்கும். பசை ஒரு சொட்டு வழிந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். ஜன்னல் துண்டுகளுக்கு சூப்பர் க்ளூ உதவவே உதவாது. அதன் ஆவி பட்டு, தெளிவான பிளாஸ்டிக் பனி மூடியதுபோல வெளுத்துப் போகும். காய்ந்தால் நிறம் இல்லாமல் நிற்கிற வெள்ளைப் பசையே போதும். குழந்தைகளோடு செய்கிறவர்கள் ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும். பிளேடு வேலை பெரியவர்களுடையது. உப்புத்தாள் வேலையைத் தாராளமாகப் பிள்ளைகளிடம் விடலாம்.

பின் பக்கத்துக்கு வந்ததும் ஒரு முடிவு எடுக்கவேண்டியிருக்கும். கிழக்கு ஜெர்மனிக் கார்கள் வெளிநாடு போகும்போது, பின்னால் முட்டை வடிவத்தில் ஒரு சின்னம் இருக்கும். அதில் "டி.டி.ஆர்." என்று நாட்டின் பெயரைக் குறிக்கும் மூன்று எழுத்துகள். சுவர் திறந்தபிறகு சிலர் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் அழித்துவிட்டு, நடுவில் உள்ள "டி" ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்கள். அது ஜெர்மனியைக் குறிக்கும் எழுத்து. கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை, மூன்று எழுத்தையும் ஒட்டுவதா, ஒன்றை மட்டும் ஒட்டுவதா என்று கேட்கும். எந்த வருஷத்துக் காரைச் செய்கிறோம் என்பதை அதற்குள் வீட்டில் பேசி வைத்துக்கொள்வது நல்லது.